கைராசிக்காரியும் உறைந்த பாட்டிலும்

அந்தக் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேனேஜரில் இருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் கைராசி. ஆரம்பத்தில் யாரோ பாராட்டாகச் சொன்னது, அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒருவருக்கு ஒரு வேலை நன்றாக வருகிறது என்று நாலு பேர் சொல்ல ஆரம்பித்துவிட்டால் அந்த ஆள் தொலைந்தார் என்றே வைத்துக்கொள்ளலாம். சோம்பேறிக்கு விடுதலை உண்டு, அரைகுறைக்கு இடமாற்றம் உண்டு, கெட்டிக்காரனுக்கு மட்டும் எதுவும் கிடையாது.

அவள் வேலை, லாட நண்டுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுப்பது.

லாட நண்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். கவிழ்த்து வைத்த பழைய இரும்புச் சட்டிக்கு வால் முளைத்தது போல இருக்கும். பெயரில்தான் நண்டு. உண்மையில் அது தேளுக்கும் சிலந்திக்கும் சொந்தம் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள், ஆனால் அந்தச் சொந்தக்காரர்களின் குணம் எதுவும் அதற்கு வரவில்லை. கடிக்காது, கொட்டாது, துரத்தாது. அலை புரட்டிப் போட்டால் மல்லாந்து கிடந்து, யாராவது நிமிர்த்தி விடும் வரை காலை ஆட்டிக்கொண்டே இருக்கும்.

ஒரு காலத்தில் அந்தக் கடலோர ஊர்க்காரர்கள் அதைக் கண்டாலே திட்டுவார்கள். வலையில் ஏறினால் வலை நாசம். தின்னலாம் என்று உடைத்தால் ஒரு வாய்க்குத் தேறாது. வாலைப் பிடித்துக் கரையில் வீசுவார்கள், துண்டு போட்டுத் தூண்டிலுக்கு இரையாக வைப்பார்கள், மிஞ்சியதை அரைத்து எருவாக வயலில் கொட்டுவார்கள். பௌர்ணமிக் கடல் ஏற்றத்தில் அது கூட்டமாகக் கரையேறி மணலில் முட்டையிடும்போது, அதைக் கொண்டாடியது பறவைகள் மட்டும்தான். எங்கிருந்தோ பறந்து வந்து, முட்டையைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு, மறுபடி எங்கேயோ போகும். முட்டை குறைந்த வருடம் பறவையும் குறைந்தது, அதைத் தொடர்ந்து மீனும் குறைந்தது. அப்போதும் ஊருக்கு உறைக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் விஷயம் தெரிந்தது. அதன் ரத்தம் நீலம். அந்த நீல ரத்தத்தில் கிருமியின் வாடை பட்டால் போதும், அங்கேயே உறைந்துவிடும். நரம்பில் ஏற்றும் மருந்து, தடுப்பூசி, எலும்புக்குள் வைக்கும் ஆணி என்று மனித உடம்புக்குள் போகிற எதையும் இந்த ரத்தத்தில் இருந்து எடுத்த மருந்தைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம் என்றார்கள். கம்பெனி வந்தது. நேற்று வரை திட்டு வாங்கிய நண்டுக்கு ராஜ மரியாதை. படகுக்காரன், ஐஸ்காரன், வேன்காரன், வெள்ளைக் கவுன் தைக்கிற தையல்காரன், கேட்டுக்கு எதிரே டீ ஆற்றுகிறவன் என்று ஊரில் பாதிப் பேருக்கு அடுப்பெரிவது அந்தச் சட்டி முதுகுக்காரனால்தான். கம்பெனி வேலை என்றால் அங்கே அரசாங்க வேலைக்கும் ஒரு படி மேல்.

அதனால்தான் அவள் அங்கிருந்து வெளியே வர வேண்டும் என்று சொன்னபோது யாருக்கும் அது காதில் விழவில்லை.

அவள் வேலை செய்யும் இடத்துக்கு வெள்ளை ரூம் என்று பெயர். சுவர் வெள்ளை, தரை வெள்ளை, விளக்கு வெள்ளை, உள்ளே இருப்பவர்களும் தலை முதல் கால் வரை வெள்ளை. கண் மட்டும் வெளியே தெரியும். இரண்டு கதவுகள். ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். உள்ளே போனால் மதியம் வரை வெளியே வர முடியாது, ஏனென்றால் வெளியே வந்தால் மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, மாட்ட வேண்டும். மூக்கு அரித்தால் சொறியக் கூடாது. தும்மல் வந்தால் அடக்க வேண்டும். பேசக் கூடாது, பாடக் கூடாது. ஜன்னல் கிடையாது. தாழ்வாரப் பக்கம் ஒரு கண்ணாடி உண்டு, அது உள்ளே இருப்பவர்கள் வெளியே வேடிக்கை பார்ப்பதற்காக வைத்ததல்ல.

வாசல் கொட்டகையில் தேய்த்துக் கழுவிய நண்டுகள் தொட்டியில் உள்ளே வரும். ஒவ்வொன்றையும் நடுவில் மடக்கி ஸ்டாண்டில் வைத்து பட்டை போட்டு இறுக்க வேண்டும். மடக்கும்போது தலை ஓட்டுக்கும் வயிற்று ஓட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய தோல் தெரியும். அதை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, ஊசியை நேராக இதயத்துக்குள் இறக்க வேண்டும். கொஞ்சம் மேலே போனால் குடல். கொஞ்சம் பக்கவாட்டில் போனால் சதை. சரியாக இறங்கினால் ரத்தம் தானாகவே கீழே இருக்கும் பாட்டிலில் சொட்டும். முதலில் பால் மாதிரி இருக்கும், காற்றுப் படப்பட நீலமாகும். தானாக நின்றதும் ஊசியை எடுத்து, அடையாளத்துக்கு ஓட்டில் ஒரு கீறல் போட்டு, தொட்டியில் விட வேண்டும். அது மறுபடி வேனில் ஏறி, படகில் ஏறி, கடலுக்குப் போகும். எல்லாம் பிழைப்பதில்லை. அதைப் பற்றி அங்கே பேசுவதில்லை.

மற்றவர்கள் இரண்டு முறை, மூன்று முறை குத்திப் பார்ப்பார்கள். அவளுக்கு ஒரே குத்து. எத்தனையோ வருடமாக ஒரே குத்து. வெளியூரில் இருந்து அதிகாரிகள் வந்தால் மேனேஜர் அவர்களைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, "அந்த ஓரத்துல இருக்காங்க பாருங்க, அவங்கதான் நம்ம கைராசி" என்று காட்டுவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவளுக்கு ஒன்றும் கேட்காது. வாய்கள் அசைவதும் தலைகள் ஆடுவதும் தெரியும். அவளும் தலையாட்டி வைப்பாள்.

கொஞ்ச காலமாக அவளுக்கு அந்த ரூமில் மூச்சு முட்ட ஆரம்பித்திருந்தது. உடம்பில் கோளாறு இல்லை, டாக்டரிடம் காட்டியாயிற்று. இரண்டாவது கதவு சாத்தும் சத்தம் கேட்டால் போதும், நெஞ்சுக்குள் யாரோ குத்துக்கால் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். கத்திக்கொண்டு ஓட வேண்டும் போல இருக்கும். ஓடினால் முதல் கதவு திறக்காது, இரண்டும் ஒரே நேரத்தில் திறக்காது என்பது அவளுக்குத் தெரியும், அதை நினைத்தால் இன்னும் முட்டும்.

வாசல் கொட்டகையில் ஓர் இடம் காலியானது. அங்கே நண்டு தேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் மகனோடு போய் இருக்கப் போகிறாள். தகரக் கூரை, ஈரத் தரை, பிரஷ், ஒரு குழாய். உப்பும் சேறும் கையை அரிக்கும், கவுரவம் இல்லாத வேலை. ஆனால் மூன்று பக்கமும் திறப்பு, கடல் காற்று, வருகிற போகிறவர்களோடு வாய் ஓயாமல் பேசலாம். அவளுக்கு அது சொர்க்கமாகத் தெரிந்தது. மேனேஜரிடம் போய்க் கேட்டாள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"உங்க கையைக் கொண்டுபோய் வாசல்ல வச்சு நான் என்னம்மா பண்றது?" என்றார் சிரித்துக்கொண்டே. "வேணும்னா ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோங்க. அலுப்பா இருக்கும்."

"அலுப்பு இல்ல சார். உள்ள இருக்க முடியல."

"ஏ.சி. அதிகமா வைக்கிறாங்களா? குறைக்கச் சொல்றேன்."

வீட்டிலும் இதே கதைதான். அவள் புருஷன் படகுக்காரன், கம்பெனிக்கு நண்டு பிடித்துக் கொடுக்கிறவன். நாள் முழுக்க வெயிலில் கருகிவிட்டு வருகிறவனிடம் ஏ.சி. ரூமில் மூச்சு முட்டுகிறது என்று சொன்னால் அவன் என்னதான் செய்வான்?

"ஊர்ல எத்தனை பேர் அந்த ரூமுக்குள்ள போக மாட்டோமான்னு தவம் கிடக்கிறாங்க, உனக்கு வெளிய வரணுமா?" என்றான்.

"அந்த நண்டையும் பட்டை போட்டுக் கட்டறாங்க, என்னையும் கட்டி வச்சிருக்காங்க. அதையாவது மறுநாள் கடல்ல விட்டுடறீங்க."

"உன்னையும் வேணா படகுல ஏத்திட்டுப் போய் விட்டுட்டு வரேன்" என்று அவன் சிரித்தான். அவன் தங்கையும் சிரித்தாள். அவளும் சிரித்து வைத்தாள். சிரித்தபின் அழுகை வந்தது, அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அந்தத் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டிக்கொண்டவன் இன்னொருத்தியோடு ஊரை விட்டுப் போக, ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வந்த புதிதில் சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். கைராசிதான் மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவளைக் கம்பெனியில் சேர்த்துவிட்டாள். பாட்டில் கழுவும் வேலை. வெள்ளை ரூமுக்குப் போகிற ஒவ்வொரு பாட்டிலையும் கழுவி, அலசி, பெரிய மின்சார அடுப்பில் வைத்துச் சுட்டெடுக்க வேண்டும். தண்ணீரில் செத்த கிருமியின் மிச்சம் ஒட்டியிருந்தாலும் ரத்தம் உறைந்துவிடும், அதனால் அவ்வளவு சூடு. நாத்தனார் அந்த வேலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டால் நகைக்கடைக்காரன் தோற்றான். வீட்டில் டம்ளரைக்கூட அப்படித்தான் பார்ப்பாள். "என் அடுப்பு, என் பாட்டில்" என்றுதான் பேச்சு. மறுபடி நல்ல புடவை கட்ட ஆரம்பித்தாள். சிரிக்கவும் ஆரம்பித்தாள்.

கொட்டகை இடத்துக்கு வேறு ஆள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் கைராசி ஒரு முடிவுக்கு வந்தாள். கையில் ராசி இருப்பதால்தானே இந்தப் பாடு, அதைக் கெடுத்துக்கொள்வோம். நாலு நண்டைத் தப்பாகக் குத்தினால், "கை நடுங்குது, வயசாயிடுச்சு" என்று அவர்களே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

மறுநாள் முதல் நண்டின் முன் நின்று, ஊசியைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடித்தாள். நண்டு காலை ஒரு முறை மடக்கி நீட்டியது. கை தானாகக் கீழே இறங்கிச் சரியான இடத்தில் குத்திவிட்டது. அடுத்ததில் கண்ணை மூடிக்கொண்டு குத்தினாள். அதுவும் சரியாகப் போனது. மூன்றாவதில் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கவாட்டில் வைத்தாள், அழுத்த முடியவில்லை. தப்பாகக் குத்தினால் அது தொட்டியிலேயே செத்துப் போகும். சேர்ந்த புதிதில் அவள் கையால் அப்படி ஒன்று செத்திருக்கிறது. வாலை மட்டும் கொஞ்ச நேரம் தூக்கித் தூக்கிப் போட்டது. எனக்கு வெளியே போக வேண்டும் என்பதற்காக வாயில்லா ஜீவனைக் கொல்வதா என்று நினைத்துக்கொண்டாள். அன்று முழுக்க வழக்கம் போல ஒரே குத்து. மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. நண்டுக்கு ஒரு வலியும் இல்லாத யோசனை. ரத்தத்தைக் கெடுத்துவிட்டால்? நண்டைக் கழற்றும்போது அதன் செவுள் மடிப்பில் விரலை விட்டால் போதும், எவ்வளவு தேய்த்தாலும் அங்கே சேறு இருக்கும். அந்த விரலை அடுத்த பாட்டிலின் வாயில் ஒரு சுற்றுச் சுற்றினால் முடிந்தது. ஒரே ஒரு பாட்டில் உறையும். அவள் சுத்தம் போய்விட்டது, கவனம் போய்விட்டது என்பார்கள். திட்டுவார்கள், கொட்டகைக்கு அனுப்புவார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. அவ்வளவு சுலபமாக ஒரு வழி இத்தனை நாள் விரல் நுனியில் இருந்திருக்கிறதே என்று அவளுக்கு வியப்பாகக்கூட இருந்தது.

செய்தாள். அந்த நண்டின் ரத்தம் அழகாகச் சொட்டி நின்றது. கொஞ்ச நேரம் விட்டுப் பாட்டிலைச் சாய்த்தால் உள்ளே அசையவில்லை, தயிர் மாதிரி நின்றது. அவள் கையைத் தூக்கி ஆளைக் கூப்பிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த ரூமில் அவளுக்கு மூச்சு நன்றாக வந்தது.

மேனேஜரே கவுன் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பாட்டிலைப் பார்த்தார். அது யார் ஸ்டாண்டில் இருந்த பாட்டில் என்று கேட்டார். கைராசியின் ஸ்டாண்டு என்றதும், "அப்ப பாட்டில்தான் கோளாறு" என்றார்.

அவளுக்கு அப்போதுதான் பாட்டில் சுடும் அடுப்பு நினைவுக்கு வந்தது.

கம்பெனியில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாட்டில் உறைந்தால், அதோடு ஒரே அடுப்பில் சுட்ட அத்தனை பாட்டிலும் கெட்டது என்று கணக்கு. அன்று காலையில் எடுத்த ரத்தம் முழுவதையும் கீழே கொட்ட வேண்டும். அடுப்பைப் பார்த்துக்கொண்ட ஆள் அன்றே வேலையை விட்டு வீட்டுக்குப் போக வேண்டும், மறுபேச்சுக் கிடையாது. இது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. சேர்ந்த நாளில் இருந்து தெரியும். யோசிக்கவில்லை, அவ்வளவுதான். நண்டுக்கு வலிக்குமே என்று அத்தனை யோசித்தவளுக்கு, பாட்டிலைக் கழுவுகிற கை யாருடையது என்பது நினைவுக்கு வரவில்லை. அந்த ரூமில் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் அவள் பார்த்தது ஸ்டாண்டும் நண்டும் கதவும் மட்டும்தான்.

நீல ரத்தம் வாளி வாளியாகச் சாக்கடையில் போனது. அந்த நண்டுகள் கொடுத்தது கொடுத்ததுதான், யாரும் திருப்பி ஊற்ற முடியாது. தாழ்வாரக் கண்ணாடி வழியாக அவள் பார்த்தாள். நாத்தனார் கவுனைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள். ஒழுங்காக, மடிப்பு கலையாமல் மடித்தாள். பக்கத்தில் நின்ற யாரிடமோ ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. கைராசி கதவை நோக்கிப் போனாள், ஆனால் வெளிக்கதவு திறந்திருந்ததால் உள்கதவு திறக்கவில்லை. அது திறப்பதற்குள் நாத்தனார் போய்விட்டாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது நாத்தனார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"கழுவினது நான், சுட்டது நான், கெட்டுப்போக வழியே இல்ல அண்ணா" என்று அவள் அண்ணனிடம் சொன்னது வாசல் வரை கேட்டது. அண்ணன், "எங்கயாவது ஒரு இடத்துல தவறியிருக்கும், விடும்மா" என்று தேற்றிக்கொண்டிருந்தான். கைராசி செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

காலையில் முதல் வேலையாக மேனேஜர் அறைக்குப் போனாள். இதைச் சொன்னால் தன் வேலை போகும், புருஷன் பிடித்து வரும் நண்டைக் கம்பெனி வாங்காது, வீட்டில் மூன்று பேர் வயிற்றிலும் ஒரே நாளில் மண் விழும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் போனாள்.

"சார், அந்தப் பாட்டிலைக் கெடுத்தது நான். வேணும்னே பண்ணேன்."

மேனேஜர் பேனாவை மூடினார். "உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. செவுள், சேறு, விரல், பாட்டில் வாய் என்று ஒன்று விடாமல் சொன்னாள். எதற்காகச் செய்தாள் என்பதையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"உங்க நாத்தனாருக்காக இவ்வளவு தூரம் இறங்கி வருவீங்கன்னு நான் நினைக்கல."

"இல்ல சார், நான் சத்தியமாச் சொல்றேன்."

"இத்தனை வருஷத்துல உங்க கையில ஒரு சொட்டுக் கெட்டதில்ல. இதை யாருகிட்ட சொன்னாலும் சிரிப்பாங்க."

"நீங்க வந்து பாருங்க, உங்க முன்னாலேயே இன்னொரு பாட்டில் கெடுத்துக் காட்டறேன்."

அப்போதுதான் மேனேஜர் முகம் கொஞ்சம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இங்க பாருங்கம்மா. நீங்க சொல்றது நிஜம்னு வச்சுப்போம். அப்ப இத்தனை வருஷமா உங்க கை பட்ட ஒவ்வொரு பாட்டிலையும் நான் சந்தேகப்படணும். அதுல சோதிச்ச மருந்தை எல்லாம் சந்தேகப்படணும். கம்பெனியை மூடிட்டுப் போக வேண்டியதுதான். இந்த ஊரு என்ன ஆகும், சொல்லுங்க? அதனால அது நிஜம் இல்ல. நாத்தனார் மேல இருக்கிற பாசத்துல ஏதோ சொல்லிட்டீங்க, நானும் கேட்டுட்டேன். போய் வேலையைப் பாருங்க."

அவள் நகரவில்லை. சொல்வதற்கு வேறு வார்த்தை இருக்கிறதா என்று தேடினாள். பொய் சொன்னால் நம்ப வைக்க ஆயிரம் வழி இருக்கிறது. உண்மையைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் போக இடமில்லை.

அந்த வாரமே அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. நல்ல மனசுக்கும் நல்ல கைக்கும் சேர்த்து வெள்ளை ரூம் முழுவதையும் அவள் பொறுப்பில் விட்டார்கள். இனிமேல் காலையில் முதலில் உள்ளே போவதும் மாலையில் கடைசியாக வெளியே வருவதும் அவள்தான். கொட்டகை இடத்தில் வேறு யாரோ ஒரு பெண் சேர்ந்து, நாள் முழுக்கச் சிரித்துப் பேசிக்கொண்டு நண்டு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் மேனேஜரிடம் இருந்து படகுத்துறைக்குப் போயிற்று. படகுக்காரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்த தங்கையை எழுப்பி உட்கார வைத்துச் சொன்னான்.

"உங்க அண்ணி என்ன பண்ணிருக்கா தெரியுமா? உனக்காகத் தான்தான் கெடுத்தேன்னு போய் நின்னிருக்கா. இந்தக் காலத்துல கூடப் பொறந்தவங்களே இப்படிப் பண்ண மாட்டாங்க."

நாத்தனார் அண்ணியை நிமிர்ந்து பார்த்தாள். கைராசிதான் முதலில் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நாத்தனார் படுக்கவில்லை. எழுந்தாள், குளித்தாள், வீட்டு வேலை எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டாள். படகுக்காரனுக்கு நிம்மதி. தங்கை தேறிவிட்டாள் என்று நினைத்தான். அவன் படகுக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், கைராசி வேலை முடிந்து வந்தபோது, நாத்தனார் வீட்டுப் பின்னால் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், மறுபடி கழுவினாள்.

"அந்தப் பாட்டில் சுத்தமாத்தான் இருந்துச்சு, இல்ல அண்ணி?" என்றாள், திரும்பாமல்.

கைராசி குழாயடிப் படியில் உட்கார்ந்தாள். அந்த ஊரில் அவளை நம்ப ஓர் ஆள் இருந்தாள். அது இவள்தான்.

"ஆமா" என்றாள்.

"அன்னிக்கே எனக்குத் தெரியும். கழுவினவளுக்குத் தெரியாதா? யாருன்னுதான் தெரியல. அண்ணன் பெருமையா வந்து சொன்னப்பதான் புரிஞ்சுது." டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "ஏன் பண்ணீங்க?"

"உள்ள இருக்க முடியல. வெளிய வரணும்னு பண்ணேன். உன்னை நினைச்சே பாக்கல. நினைச்சிருந்தா பண்ணியிருக்க மாட்டேன்."

"நினைக்கல. அதான் எனக்குத் தாங்கல."

கைராசிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நாத்தனார் அழவில்லை, அவளைத் தேற்றவும் இல்லை. அழுது முடியும் வரை அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தாள்.

"அண்ணன்கிட்ட சொல்ல மாட்டேன்" என்றாள் பிறகு. "ஊர்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொன்னாலும் நம்ப மாட்டாங்க. அடுப்பைக் கெடுத்தவன்னு எனக்குப் பேராயிடுச்சு, இனிமே இங்க யாரும் எனக்கு வேலை தர மாட்டாங்க. பொறந்த வீட்டுல உக்காந்து சாப்பிடறவ நான். அதனால ஒண்ணு கேக்கறேன். நீங்க அந்த ரூமை விட்டு வரக் கூடாது."

கைராசி நிமிர்ந்து பார்த்தாள்.

"மூச்சு முட்டுது, கை நடுங்குது, கொட்டகைக்குப் போறேன், எதுவும் கூடாது. எனக்கும் சேர்த்து நீங்க உள்ள போகணும். என் உடம்புல உயிர் இருக்கற வரைக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு என்னென்ன வாங்கி வர வேண்டும் என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். மேனேஜரிடம் மறுத்துப் பேசியவள், புருஷனிடம் குமுறியவள், இவளிடம் என்ன சொல்ல முடியும்? மாட்டேன் என்று சொல்கிற பாத்தியதை அவளுக்கு இல்லை.

"சரி" என்றாள்.

மறுநாள் காலையில் நாத்தனாரே சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். துவைத்து மடித்த துண்டு வைத்தாள். தண்ணீர் பாட்டிலை வெளிச்சத்தில் பார்த்து நிரப்பி வைத்தாள். இவ்வளவு கவனிப்பு அந்த வீட்டில் கைராசிக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. கம்பெனி வேன் வந்து நின்றது. அவள் ஏறி உட்கார்ந்து, கதவு சாத்தும் வரைக்கும் நாத்தனார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகு ஒரு காலையும் அவள் தவறவிடவில்லை.